பெரியசாமிக்கு வைத்த அரை டம்ளர் டீ

என் தம்பி துரைசாமி மிளகு மரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்று ஆள் வந்து சொன்னபோது நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். துடுப்பைச் சட்டியிலேயே விட்டுவிட்டு ஓடினேன். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. எடப்புளி நாட்டில் நான் வாழ்க்கைப்பட்ட ஊருக்கும், குண்டூர் நாட்டில் நான் பிறந்த ஊருக்கும் நடுவில் ஓர் ஓடையும் ஒரு செங்குத்தான மேடும் இருக்கின்றன. அன்றைக்கு அந்த மேட்டை எப்படி ஏறினேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. வாய் மட்டும் "பெரியசாமி, பெரியசாமி" என்று எங்கள் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தது.

எங்கள் கொல்லிமலையில் மிளகுக் கொடி உயரமான மரங்களில் படர்ந்திருக்கும். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறித்தான் பறிக்க வேண்டும். அந்த வேலையில் என் தம்பியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மாசி மாதம் வந்தால் அவனைக் கூப்பிட நாலு தோட்டக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். அப்பேர்ப்பட்டவன் அன்றைக்குக் காலையிலேயே குடித்துவிட்டு ஏறியிருக்கிறான். ஏணி நழுவவில்லை. இவன்தான் நழுவினான்.

தோள்பட்டை எலும்பு முறிந்துபோய், கீழே ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்கவைத்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எலும்பு சேந்துக்கும்மா. ஈரல்தான் ரொம்பக் கெட்டுப் போயிருக்கு. இனியும் குடிச்சா இவரக் காப்பாத்த என்னால முடியாது" என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார்.

அவனுக்கு அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. அவன் மனைவி ராசாத்தி முந்தின ஆடியிலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தால் சித்திரையிலேயே போயிருப்பேன்.

குடியை விட அவன் முயலவே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் பக்கத்து வழக்கப்படி ஒரு தரம் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டான். ஒரு மண்டலம் குடிப்பதில்லை என்று சாமி முன்னால் சொல்லி, கையில் மஞ்சள் கயிறு கட்டிவிடுவார்கள். ஒரு சொட்டு தொடவில்லை என் தம்பி. சாமிக்குக் கொடுத்த வாக்கை மீறுகிற ரத்தம் இல்லை எங்கள் ரத்தம். மண்டலம் முடிந்தது. கயிற்றை அவிழ்த்தார்கள். அவிழ்த்த கை காய்வதற்குள் கடைக்குப் போய்விட்டான். கேட்டால், "கெடு முடிஞ்சு போச்சுங்க அக்கா" என்றான்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா இருந்தார். "மாத்திரை ஒடம்புக்குத்தாங்க. குடியிலருந்து மீண்டவங்க வாராவாரம் கூடி உக்காந்து, அவங்கவங்க கதைய அவங்களே பேசுவாங்க. அந்த மாதிரிக் கூட்டமாப் பாத்துச் சேத்து விடுங்க" என்றார். கூட்டம் எனக்குப் புதிதில்லை. நான் எங்கள் ஊர் மகளிர் குழுவுக்குத் தலைவி. பன்னிரண்டு பெண்களை ஒரே நேரத்தில் வாயை மூட வைக்கத் தெரிந்தவள். இது என்ன பெரிய காரியம் என்றுதான் நினைத்தேன்.

தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நான் முதலில் செய்தது, பெரியசாமி கோயிலுக்குப் போனது. பெரியசாமி என் பிறந்த வீட்டுச் சாமி. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சாமியிடம் நேர்ந்துகொள்ள என்ன பாத்தியதை என்று சிலர் கேட்டார்கள். தம்பி என் தம்பி, கேட்கிறவள் நான், கொடுக்கிறது சாமி. நடுவில் இவர்கள் யார்? கற்பூரத்தை ஏற்றி வைத்துச் சத்தமாகவே சொன்னேன். "என் தம்பி குடியை விட்டு ஒரு வருஷம் ஆளாய் நிற்கட்டும். உனக்குக் கிடாய் வெட்டி, வழக்கப்படி ஒரு குறையும் இல்லாமல் படையல் வைக்கிறேன்."

வழக்கப்படி என்று சொன்னேனே, அந்த வழக்கம் என்ன தெரியுமா? எங்கள் கோயிலுக்கு வந்து போகிறவர்களுக்குத் தெரியும். புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். பெரியசாமி காவல் தெய்வம். அவர் படையலில் சுருட்டு உண்டு, சாராயப் பாட்டிலும் உண்டு. பூசை முடிந்ததும், யாருக்காக நேர்ந்துகொண்டார்களோ அவர் கையில் அதிலிருந்து ஒரு மடக்கு ஊற்றுவார்கள். அதை அவர் குடித்தால்தான் நேர்த்தி முடியும். குடியை விடுவதற்கு நேர்ந்துகொண்டு, விட்டவனுக்குக் குடிக்கக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் நான். அந்த நேரத்தில் அது மண்டையில் உறைக்கவே இல்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற படையல், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அப்புறம் கூட்டம் தேடிக் கிளம்பினோம். முதலில் கீழே டவுனில் ஒரு கூட்டம். சாயங்காலம் ஆரம்பித்து இருட்டுகிற வரைக்கும் நடக்கும். மலைக்குக் கடைசி பஸ் அதற்கு முன்பே கிளம்பிவிடும். ஒவ்வொருவராகப் பேசிக்கொண்டு வருவார்கள், என் தம்பி முறை வருவதற்குள் நாங்கள் எழுந்து ஓட வேண்டும். மூன்றாவது வாரம் நான் ஒரு வேலை செய்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று, தம்பிக்குப் பதில் நானே எழுந்து அவன் கதையைப் பேசிவிட்டேன். மகளிர் குழுவில் பேசுகிற மாதிரி நன்றாகத்தான் பேசினேன். சிலர் கைகூடத் தட்டினார்கள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும், "கக்கூசுக்குப் போயிட்டு வாரேன்" என்றான். திரும்பி வந்தபோது வாடை அடித்தது. எழுபது வளைவு ஏறி வருகிற வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

அடுத்தது மலைமேலேயே, செம்மேட்டுப் பக்கம் ஒரு கூட்டம். பஸ் கவலை இல்லை. ஆனால் அங்கே வேறு வில்லங்கம். எங்கள் மலையில் யாரைத் தொட்டாலும் உறவு. ஒன்று பங்காளி, இல்லாவிட்டால் மாமன் மச்சான். மாமன் மச்சான் என்றால் கேலி பேசியே ஆக வேண்டும், பேசாவிட்டால் அது மரியாதைக் குறைவு. கூட்டத்துக்கு வந்த ஆறு பேரில் நாலு பேர் துரைசாமிக்கு மச்சான் முறை. போதாததற்கு, "மச்சானுக்குத் துணையா நானும் வாரேன்" என்று என் வீட்டுக்காரரும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். நல்ல உழைப்பாளி. கை நீட்டியதில்லை. அவரும் குடிப்பார். சந்தை நாளில் மட்டும்தான் என்பார். சந்தை இல்லாத நாளிலும் சந்தைக்குப் போவார். என் தம்பி விழுந்து கிடந்ததால் அவனுக்குக் குடிகாரன் என்று பேர் வந்தது. இவர் விழவில்லை, அதனால் இவருக்கு அந்தப் பேர் வரவில்லை. எனக்கும் அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

துரைசாமி எழுந்து நின்றான். பாவம், முகமெல்லாம் வேர்வை. "நான் மரத்துல இருந்து விழுந்தப்ப..." என்று ஆரம்பித்தான். என் வீட்டுக்காரர் குறுக்கே புகுந்தார். "மச்சான், நீ மரத்துல இருந்து விழுந்தியா, இல்ல உன்ர வாடை தாங்காம மரமே உன்னய உதறிப்போட்டுச்சா?" எல்லாரும் சிரித்தார்கள். துரைசாமியும் சிரித்தான். அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் ஒழுங்காகப் பேசவில்லை. கூட்டம் முடிந்து மச்சான்மார் எல்லாம் தோளில் கை போட்டுக்கொண்டு, துரைசாமியையும் கூட்டிக்கொண்டு சாராயக் கடைக்குப் போனார்கள். நடத்தியவர்மேல் தப்பில்லை. எங்கள் முறை அப்படி.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்குப் போகாமல் நேரே பெரியசாமி கோயிலுக்குப் போனேன். பூசாரிகூட இல்லை. சாமியைப் பார்த்துத் திட்டினேன். ஆமாம், திட்டினேன். "காவல் தெய்வம் என்று வேல் பிடித்து நிற்கிறாயே, எங்கள் வீட்டுப் பையனைக் காக்கத் தெரியவில்லையா உனக்கு?" என்று கேட்டேன். அழுது முடித்த பிறகு மனம் கொஞ்சம் தெளிந்தது. இத்தனை நாளும் நான் குடியை நிறுத்து, குடியை நிறுத்து என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வேறு மாதிரி கேட்டேன். "என் தம்பி வாய் திறந்து பேச ஓர் இடம் காட்டு. அங்கே யாரும் அவனுக்கு மச்சான் ஆகக் கூடாது. மலைக்குத் திரும்ப பஸ் இருக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்." வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இப்படி யாரும் சாமியிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்த வாரமே பதில் வந்தது.

தோள்பட்டையைக் காட்டுவதற்காகத் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினேன். மலையடிவாரத்தில் காரவள்ளி வந்ததும் பஸ் சக்கரத்தில் ஏதோ கோளாறு என்று எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். துரைசாமிக்கு டீ வந்தது. அவன் கையில் எடுக்கவில்லை. எடுத்தால் நடுக்கத்தில் சிந்தும், நாலு பேர் பார்ப்பார்கள். ஆறட்டும் என்று பாவனை பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எதிர்ப் பெஞ்சில் சட்டையெல்லாம் சிமெண்ட்டாக ஒரு கொத்தனார் உட்கார்ந்திருந்தார். தன் காலி டம்ளரோடு எழுந்து வந்தார். ஒன்றும் கேட்காமல் தம்பியின் டம்ளரை எடுத்து, அதில் பாதியைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டு, மீதியை அவன் முன்னால் வைத்தார்.

"முழு டம்ளரு வேணாமுங்க. அரை அரையா வாங்கிக் குடிங்க, சிந்தாது. எனக்கு அப்படித்தான் ஒருத்தரு ஊத்திக் குடுத்தாரு" என்றார்.

துரைசாமி அவரை நிமிர்ந்து பார்த்தான். டம்ளரை எடுத்துக் குடித்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை.

அந்தக் கொத்தனார் பேர் முருகேசன். அவர் குடியை விட்டுப் பல வருஷம் ஆகிறதாம். ஞாயிற்றுக்கிழமை காலையில், அங்கேயே ரோட்டோரம் கான்கிரீட்டுக்கு அடிக்கிற சென்ட்ரிங் பலகை அடுக்கி வைக்கிற கொட்டகையில் அவரும் இன்னும் சிலரும் கூடிப் பேசுவார்களாம். கட்டட வேலைக்காரர்கள், லோடு ஏற்றுகிறவர்கள், ஒரு லாரி டிரைவர். நான் முந்திக்கொண்டு, "ஏனுங்க, மத்தியான பஸ்ஸுக்குள்ள முடிஞ்சிருமுங்களா?" என்று கேட்டேன். "காலைல மொத பஸ்ஸுல எறங்கினா, மத்தியான பஸ்ஸுல ஏறிப் போயிரலாமுங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சாமியிடம் நான் பஸ் கேட்டது அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை போனோம். கவிழ்த்துப் போட்ட சிமெண்ட் சட்டிகளில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஒரு சட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்ர தம்பி பேரு..." என்று ஆரம்பித்தேன். முருகேசன் கும்பிட்டார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க அந்தக் கடையில டீ குடிச்சுட்டு இருங்க. அவரு பேர அவரே சொல்லட்டும்" என்றார். மகளிர் குழுத் தலைவியை ஒரு கூட்டத்திலிருந்து வெளியே அனுப்பிய முதல் ஆள் அவர்தான். முகம் சுண்டிப் போய் வெளியே வந்தேன். வந்து உட்கார்ந்த பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். அந்த வேலையை யாராவது ஒருவர் முன்பே செய்திருக்கலாம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். யாரும் யாரையும் முறை சொல்லிக் கூப்பிடுவதில்லை. அண்ணன் இல்லை, மாமன் இல்லை, மச்சான் இல்லை. பேர் மட்டும்தான். எங்கள் மலையில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் சண்டைக்கு வந்திருக்கிறான் என்று அர்த்தம். முதல் நாள் திரும்பும்போது துரைசாமி பஸ்ஸில் சொன்னான். "எல்லாரும் என்னயத் துரைசாமி, துரைசாமின்றாங்க. யாரையோ கூப்பிடறாப்புல இருக்குதுங்க அக்கா." அடுத்த வாரமும் அவனாகவே கிளம்பி நின்றான்.

அவன் அங்கே என்றைக்கு வாய் திறந்தான், என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. நாக்கு நுனி வரைக்கும் வரும். கடித்துக்கொள்வேன். ஒரு நாள் மட்டும் கொட்டகையிலிருந்து வெளியே வந்தபோது கண் சிவந்து முகம் வீங்கியிருந்தது. நான் பதறினேன். "பசிக்குதுங்க அக்கா, ரெண்டு தோசை வாங்கிக் குடுங்க" என்றான். வருஷக் கணக்கில் பசி என்ற சொல்லை அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. நாலு தோசை வாங்கிக் கொடுத்தேன்.

நடுவில் ஒரு பொங்கல் சமயத்தில் சறுக்கினான். அதையும் மறைக்கப் போவதில்லை. இனி அந்தக் கொட்டகையில் எப்படி முகம் காட்டுவது என்று சுருண்டு கிடந்தவனை ஞாயிற்றுக்கிழமை இழுக்காத குறையாகக் கூட்டிப் போனேன். திட்டுவார்கள் என்று பயந்தேன். முருகேசன் அவன் வழக்கமாக உட்காருகிற சட்டியைக் கவிழ்த்துப் போட்டு, "வாங்க துரைசாமி" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு விட்டவன்தான், அதற்குப் பிறகு இன்றுவரை தொடவில்லை.

டாக்டர் கொடுத்த மாத்திரையையும் ஒழுங்காகச் சாப்பிட்டான். அடுத்த மாசியில் ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறினான். கீழே நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏணி உச்சியில் நின்று பறித்துச் சாக்கில் போட்டுக்கொண்டு, "அக்கா, தள்ளி நில்லுங்க, கண்ணுல தூசி உழுகும்" என்றான். தூசி எதுவும் விழவில்லை. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நின்றேன். வைகாசியில் ராசாத்தி பிள்ளையோடு திரும்பி வந்தாள். நான் போய்க் கூப்பிடவில்லை. அவனே போய்க் கூப்பிட்டான்.

சறுக்கிய அந்தப் பொங்கலிலிருந்து ஒரு வருஷம் நிறைந்தது. நேர்த்தி கழிக்க வேண்டிய நேரம் வந்தது. அப்போதுதான் நான் செய்து வைத்த காரியம் எனக்கு முழுசாக உறைத்தது.

கிடாய் வாங்கிவிட்டோம். நாளும் குறித்தாகிவிட்டது. பூசாரி எங்களுக்குச் சித்தப்பா முறை. அவரிடம் போய், "பாட்டில் வைக்காம நேர்த்தி கழிக்கலாமுங்களா சித்தப்பா?" என்று கேட்டேன். அவர் பதறிப்போனார். "நேந்துக்கிட்டது நீயி. கொறையில்லாமப் படைக்கறேன்னு சொல்லிப்போட்டு, இப்பக் கொறைச்சா சாமி சும்மா இருக்குமா கண்ணு? ஒரு மடக்குத்தானே" என்றார். அந்த ஒரு மடக்குதான் எனக்குப் பயம். ஒரு மடக்கு என் தம்பியை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று சித்தப்பாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சாமிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் தம்பி போய்விடுவான். தம்பியைக் காப்பாற்றினால் சாமி குத்தம். இரண்டு பக்கமும் நானே முடிந்து வைத்த முடிச்சு.

முருகேசனிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "சாமி விசயத்துல நான் என்னங்க சொல்லட்டும்? நேர்த்தியன்னைக்கு நாங்க எல்லாரும் மலைக்கு வாரோம். துரைசாமி பக்கத்துல நிப்போம். அதுதான் எங்களால முடியும்" என்றார்.

நேர்த்தி நாளில் முதல் பஸ்ஸில் கொட்டகைக்காரர்கள் ஏழு பேரும் வந்து இறங்கினார்கள். லாரி டிரைவருக்கே வளைவில் தலை சுற்றி வாந்தி வந்துவிட்டது, அதை வைத்து அவரைக் கிண்டல் பண்ணிக்கொண்டே வந்தார்கள். கோயிலில் பங்காளிகள், மாமன் மச்சான்மார், ராசாத்தி, பிள்ளை என்று எல்லாரும் கூடியிருந்தோம். பொங்கல் வைத்து, பழம், தேங்காய், சுருட்டு எல்லாம் இலையில் வைத்தேன். பாட்டில் வைக்கிற இடம் காலியாக இருந்தது. எல்லார் கண்ணும் அந்த இடத்தில்தான்.

கிடாய்க்கு மாலை போட்டுச் சித்தப்பா மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கிடாய் உடம்பை உலுக்கித் துளுக்கினால் சாமி நேர்த்தியை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். துளுக்காவிட்டால் ஏதோ குறை. கிடாய் சும்மா நின்றது. இன்னொரு தரம் தெளித்தார். புல்லைத் தேடி மூக்கை நீட்டியது. மூன்றாவது தரம் தலையிலிருந்து முதுகு வரைக்கும் ஊற்றினார். கல் மாதிரி நின்றது.

"பாட்டில் இல்லாம எப்பிடித் துளுக்கும்?" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். என் வீட்டுக்காரர் மெதுவாக என் பக்கம் வந்தார். கையில் மஞ்சப்பை. "எதுக்கும் இருக்கட்டுமுன்னு நான் ஒண்ணு வாங்கியாந்துட்டேன். வெச்சுரு அங்கம்மா. சாமி காரியம்" என்றார். சித்தப்பா கை நீட்டினார். அதற்கு மேல் எனக்கு எங்கிருந்து சத்தம் வந்ததோ தெரியாது. "வெக்க மாட்டனுங்க! சாமி என்னய வேணும்னா அடிக்கட்டும். பாட்டில வெக்க மாட்டேன்!" என்று கத்தினேன்.

அப்போது துரைசாமி முன்னால் வந்தான். ஓரத்தில் கொட்டகைக்காரர்களுக்காகப் போட்ட டீ பாத்திரத்தில் இருந்தது. ஒரு டம்ளர் எடுத்து அரை டம்ளர் ஊற்றினான். நடந்து வந்து, காலியாக இருந்த இடத்தில் வைத்தான். கை நடுங்கவில்லை. சாமி பக்கம் கும்பிட்டுவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினான். மாமன், மச்சான், பங்காளி எல்லாரும் பார்க்க நிமிர்ந்து நின்றான்.

"என்ர பேரு துரைசாமி. நான் குடிநோயாளி. எனக்கு ஒரு மடக்குன்னு ஒண்ணு கெடையாதுங்க. மொத மடக்கு மட்டுந்தான் இருக்குது, அப்பறம் நிக்காது. சாமி என்னய டீக்கடையிலதான் கண்டெடுத்துச்சு. அதுக்கு நான் குடுக்கறது இதுதான்" என்றான்.

எந்தக் கூட்டத்தில் மச்சான்மார் முன்னால் அவனால் ஒரு வரி பேச முடியவில்லையோ, அதே மச்சான்மார் முன்னால் பேசினான். கேலி பேச ஒரு வாய் திறக்கவில்லை. ராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். என் தம்பிடா என்று மலை முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும் போல இருந்தது.

சித்தப்பா மறுபடி சொம்பை எடுத்தார். ஒரு கை தண்ணீர்தான் தெளித்தார். கிடாய் கொம்பிலிருந்து வால் வரைக்கும் உலுக்கியது. முன்னால் நின்ற எல்லார்மேலும் மஞ்சள் தண்ணீர் தெறித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். தண்ணீர் தெளித்தால் ஆடு சிலிர்க்கத்தானே செய்யும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். முதல் மூன்று தரம் ஏன் சிலிர்க்கவில்லை என்று அவர்களிடம் கேட்கிறேன்.

சித்தப்பா அந்த அரை டம்ளர் டீயில் ஒரு மடக்கைத் துரைசாமி கையில் ஊற்றினார். அவன் குடித்தான். என் நேர்த்தி குறையில்லாமல் முடிந்தது.

கறி வெந்து, எல்லாரும் சாப்பிட்டு முடித்து, கொட்டகைக்காரர்களை பஸ் ஏற்றப் போனோம். என் வீட்டுக்காரர் அந்த மஞ்சப்பையை இன்னும் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பிய பிறகு, ரோட்டோரப் பள்ளத்தில் பாட்டிலைக் கவிழ்த்து ஊற்றினார். ஊற்றி முடிக்கிற வரைக்கும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்புறம் என் தம்பியிடம் கேட்டார். மச்சான் என்று கூப்பிடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"துரைசாமி, ஞாயித்துக்கெழம பஸ்ஸு எத்தன மணிக்கு?"

ஒருவனுக்காகத்தான் நான் சாமியிடம் கேட்டேன். இரண்டு பேரைக் கொடுத்தது. என் பக்கத்திலேயே இருபது வருஷமாகப் படுத்திருந்த மனிதருக்கும் வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை, பெரியசாமிக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது எங்கள் கோயிலில் யாராவது கேட்டுக்கொண்டால் சித்தப்பா பாட்டிலுக்குப் பதில் அரை டம்ளர் டீ வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் எங்கள் மலையிலிருந்து இறங்குகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். செம்மேட்டுக் கூட்டமும் மறுபடி நடக்கிறது. அங்கேயும் இப்போது முறை சொல்லிக் கூப்பிடுவதில்லை, பேர் மட்டும்தான். அது என் தம்பி கொண்டுவந்த ஏற்பாடு. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ வருஷம் தலை குனிந்து நடந்தவள் நான்.

இதைப் படிக்கிற அக்கா தங்கச்சிகளே, உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். விழுந்து கிடக்கிறவராக இருக்கலாம், விழாமல் நடமாடுகிறவராகவும் இருக்கலாம். ஒரு கூட்டம் ஒத்துவரவில்லை என்றால் சாமி கைவிட்டுவிட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். இன்னொன்று இருக்கும். என்ன வேண்டும் என்று சாமியிடம் விவரமாகக் கேளுங்கள், பஸ் நேரம் உட்பட. சாமி இடத்தைக் காட்டிய பிறகு உங்கள் வீட்டு ஆளை உள்ளே விட்டுவிட்டு நீங்கள் வெளியே டீக்கடையில் உட்காருங்கள். அதுதான் கஷ்டம். நான் உட்கார்ந்தேன், நீங்களும் உட்காரலாம்.

கூட்டிக்கொண்டு வர யாரும் இல்லை என்றால், மலையிலிருந்து இறங்குகிற முதல் பஸ்ஸில் ஏற்றி மட்டும் விடுங்கள். பஸ்ஸில் வலது பக்கம் ஜன்னலோரம் என் தம்பி உட்கார்ந்திருப்பான். பக்கத்து சீட்டில் எப்போதும் துண்டு போட்டு வைத்திருப்பான். யாருக்கு என்று கண்டக்டர் கேட்டால், "வருவாருங்க" என்பான்.